மலைமேல் மட்பாண்டப் பயிலரங்குக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

மலையில் இருக்கும் ஒரு கலைஞர் தங்கல் மையத்தில் (ரெசிடென்சி, அதாவது கலைஞர்கள் தங்கிப் படைக்கும் இடம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்) ஒரு வார மட்பாண்டப் பயிலரங்குக்குப் பணம் கட்டிப் போய் நன்றாக ஏமாற்றப்பட்டு வந்திருக்கிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. இதே வாக்குறுதியை வேறு சில இடங்களும் கொடுப்பதைப் பார்க்கிறேன், அதனால் அது எப்படிப் பொய் என்று விளக்குவதுதான் அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது.

விளம்பரத்தில் மூன்று விஷயங்களை அழுத்திச் சொல்லியிருந்தார்கள். அனுபவமுள்ள மூத்த மட்கலக் கலைஞர் ஒருவர் கூடவே இருந்து கற்றுக்கொடுப்பார். ஆளுக்கொரு சக்கரம். வாரக் கடைசியில், சுட்டு கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) போட்ட உங்கள் பாத்திரங்களோடு ஊர் திரும்பலாம்.

மூத்தவர் வரவே இல்லை. உடம்பு சரியில்லை, அடுத்த பேட்ச்சுக்கு வருவார் என்றார்கள். அவருக்குப் பதில் வந்த பையன் அவனே இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். முதலாளிகள் கண்ணில் படாமல் இருக்க, எங்கள் கோபம் முழுவதையும் அவன்தான் வாங்கிக்கொண்டான். சக்கரங்களில் பாதி ஓடவில்லை. ஓடியவையும் மின்னழுத்தம் குறைந்தால் மண்ணை மையப்படுத்தும் நேரத்தில் இழுத்து இழுத்து நின்றன. வரிசையில் காத்திருந்துதான் உட்கார வேண்டியிருந்தது. சரி, இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

சூளை விஷயம் அப்படியல்ல. சூளை அறை பூட்டியே கிடந்தது. எப்போது கேட்டாலும் "நாளைக்கு ஏற்றுவோம்" என்பதுதான் பதில். இந்தத் தொழில் தெரிந்தவர்களிடம் பிறகு விசாரித்தபோதுதான் அந்த வாக்குறுதியே நடக்க முடியாதது என்று புரிந்தது. சக்கரத்திலிருந்து இறக்கிய பாத்திரம் பாதி காய்ந்த பிறகுதான் அதன் அடியைச் சீவ முடியும். அப்புறம் அது முழுக்கக் காய வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் 100 டிகிரியைத் தாண்டும்போது அது நீராவியாகிப் பாத்திரத்தையே வெடிக்க வைக்கும். முதல் சூடு சுமார் 1000 டிகிரி செல்சியஸ். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும், அவசரப்பட்டால் விரிசல்தான். சூளை தானாக ஆறும் வரை திறக்கவும் கூடாது. அதன் பிறகு கிளேஸ் போட்டு, ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுட்டுக் கல்போல் இறுகும் வகை) மண்ணாக இருந்தால் 1200 டிகிரிக்கு மேல் இரண்டாவது சூடு, மறுபடியும் ஆற வைப்பது. மூடுபனி இறங்கும் மலையில் கனமான பாத்திரம் காய்வதற்கே ஒரு வாரம் போய்விடும்.

நேர்மையான இடங்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுகின்றன. "சில வாரம் கழித்துச் சுட்டு அனுப்புவோம்" என்பார்கள். அல்லது ஏற்கெனவே ஒருமுறை சுட்ட பாத்திரங்களைக் கையில் கொடுத்து, ராக்கு முறையில் (தணல் சூட்டிலேயே சூளையிலிருந்து எடுத்துவிடும் ஜப்பானிய வழியில் வந்த முறை) கிளேஸ் போட்டு அன்றைக்கே சுடக் கற்றுக்கொடுப்பார்கள். ஈர மண்ணில் தொடங்கி ஒரே வாரத்தில் ஸ்டோன்வேர் தருகிறோம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கடைசி நாளில், சுட்டுக் கூரியரில் அனுப்புகிறோம் என்று சொல்லி அதற்குத் தனியாக, எடை போட்டு, இன்னொரு தொகையும் வாங்கினார்கள். வெகுநாள் கழித்துப் பார்சல் வந்தது. பளபளவென்று அழகான கிண்ணங்கள். ஒன்றுகூட என்னுடையதில்லை. சக்கரத்தில் கையால் வனைந்த பாத்திரத்தின் உள்பக்கம் விரல் போன தடம் சுருளாகத் தெரியும். சுற்றும் சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்திருந்தால், சீவாமல் விட்ட அடியில் சிப்பி ஓட்டில் இருப்பது போல வளைந்த கோடுகள் நிற்கும். வந்தவற்றில் இரண்டுமே இல்லை. பதிலாக, கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் வாயிலிருந்து அடி வரை ஒரு மெல்லிய நேர்க்கோடு, எதிர்ப்பக்கத்தில் அதேபோல் இன்னொன்று. அச்சின் இரு பாதிகளும் சேரும் இடம் அது. கூழ்போல் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி மொத்தமாகச் செய்யும் சரக்கு. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஊசியால் என் இனிஷியலைக் கீறியிருந்தேன், அதுவும் இல்லை.

போன் செய்தால், "உங்களுடையது சூளையில் உடைந்துவிட்டது, அதைவிட நல்லதாகத்தானே அனுப்பியிருக்கிறோம்" என்கிறார்கள். உடைந்திருந்தால் உடைந்தது என்று சொல்லியிருக்கலாம். சூளையில் உடைவது சகஜம், யாரும் சண்டைக்குப் போகப் போவதில்லை. கோணலாக இருந்தாலும் அது என் கை செய்த கிண்ணம். அதை வாங்கி வைத்துக்கொண்டு கடைச் சரக்கை அனுப்பியதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ரெசிடென்சி என்ற சொல்லைப் பார்த்ததும் மரியாதை வந்துவிடுகிறது, அதைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 1907இல் தொடங்கிய அமெரிக்காவின் மேக்டவல் போன்ற ரெசிடென்சிகள் விண்ணப்பத்தையும் படைப்பையும் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன, தேர்வானவர் தங்குவதற்குப் பணம் வாங்குவதில்லை. பணம் கட்டிக் கற்கும் இடங்களிலும் நல்லவை உண்டு. வட கரோலைனா மலைப்பகுதியில் 1929 முதல் நடந்துவரும் பென்லண்ட் கைவினைப் பள்ளி, எந்த வகுப்பை யார் நடத்துகிறார் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. உங்கள் படைப்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் முன்பணத்துக்கு மட்டும் அவசரப்படுத்தும் இடத்தை ரெசிடென்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே இதுபோன்ற ஒன்றில் பதிவு செய்திருந்தால், நாள்வாரியான அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். அதில் சூளை ஏற்றும் நாளும் திறக்கும் நாளும் இருக்க வேண்டும். எந்த வெப்பநிலை வரை சுடுகிறார்கள், ஆசிரியர் வராவிட்டால் பணம் திரும்புமா என்றும் கேளுங்கள். மழுப்பினால் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். செய்த பாத்திரங்களை, அடிப்பக்கம் உட்பட, அங்கேயே படம் எடுத்து வையுங்கள். கார்டில் கட்டிய தொகைக்காக நான் வங்கியில் புகார் கொடுத்தபோது அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன, புகாரை ஏற்று விசாரிக்கிறார்கள். கடைசி நாளில் அவர்கள் சொன்ன கணக்குக்கு நேரடியாக அனுப்பிய சூளைக் கட்டணத்துக்கு மட்டும் அந்த வழி இல்லை என்று வங்கி சொல்லிவிட்டது.