எல்.கே.ஜி. பிள்ளையின் கைக்கு எந்த டிபன் பாக்ஸ்?

எல்.கே.ஜி. சேரும் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் வாங்கப் போனால் பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும். மூடியை அந்தக் கையில் கொடுத்து மூன்று முறை திறக்கச் சொல்லுங்கள். நகம், பல், முழங்கால் எதன் உதவியும் இல்லாமல் மூன்று முறையும் திறந்தால் மற்றதைப் பார்க்கலாம். திறக்கவில்லையென்றால் படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அந்த டப்பா வேண்டாம். வகுப்பில் இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா. ஒவ்வொரு மூடியாக அவர்கள் திறந்து முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரத்தில் பாதி போய்விடும். சோறு அப்படியே திரும்பி வருவதற்குப் பல வீடுகளில் உண்மையான காரணம் இதுதான். பிள்ளைக்குப் பசி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கடையில் கிடைப்பவற்றை ஐந்து வகைக்குள் அடக்கிவிடலாம். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்பதை வைத்து மட்டுமே இங்கே எடை போட்டிருக்கிறோம்.

முதலில் பழைய எவர்சில்வர் சம்படம். ரப்பர், கிளிப் எதுவும் கிடையாது. மூடியை அழுத்தி மூடினால் சரி. கழுவ இதைவிட எளிதான பாத்திரம் இல்லை, மஞ்சள் கறை பிடிக்காது, வாடை தங்காது. ஆனால் புதிதில் மூடி இறுக்கமாக இருக்கும். வாங்கியதும் ஒரு வாரம் வீட்டில் திறந்து மூடிப் பழக்கினால் தளர்ந்து வரும். கீழே விழுந்து விளிம்பு லேசாக நெளிந்துவிட்டால் வட்டம் கோணிப்போய், ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் எழும்பும். அதோடு அந்த மூடியின் ஆயுள் முடிந்தது. சாம்பார் சாதம், ரசம் சாதம் இதில் கசியும். இட்லி, சப்பாத்தி, பழம், சுண்டல் என்றால் இதுவே போதும். இடைவேளைத் தீனிக்கு 150 மில்லி சம்படத்தைவிட நல்ல டப்பா வேறு இல்லை.

இரண்டாவது, எவர்சில்வர் உடலும் பிளாஸ்டிக் மூடியும் உள்ள கிளிப் டப்பா. மூடியின் உள்ளே சிலிக்கோன் வாஷர் ஓடும். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் தேர்வு இதுதான், ஆனால் இரண்டு கிளிப் உள்ளது மட்டும். நான்கு கிளிப் டப்பாவில் பிள்ளை மூன்றைத் திறந்துவிட்டு நான்காவதை மறந்து மூடியை இழுக்கும். கிளிப்பின் கீல் முறிவது அப்போதுதான். வாங்கும்போதே தனி மூடியும் தனி வாஷரும் கிடைக்குமா என்று கேளுங்கள். உடல் பல வருடம் உழைக்கும், மூடி அவ்வளவு தாங்காது.

இந்த வகையில் பலருக்கும் பிடிபடாத சிக்கல் ஒன்று உண்டு. காலையில் வீட்டில் சுலபமாகத் திறந்த மூடி மதியம் பள்ளியில் அசையாது. ஆவி பறக்கும் சோற்றை வைத்து உடனே மூடினால், உள்ளே இருக்கும் நீராவி ஆறியதும் தண்ணீராகிவிடுகிறது, காற்றும் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று மூடியைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பெரியவர்களே மல்லுக்கட்ட வேண்டிய மூடியை நான்கு வயதுக் கை என்ன செய்யும்? சோற்றை வைத்தபின் மூடியைச் சாய்த்தாற்போல் வைத்துப் பத்து நிமிடம் ஆவி போக விட்டு, பிறகு மூடினால் இந்தத் தொல்லை வராது. மூடியின் நடுவில் இழுத்துவிடும் சின்ன ரப்பர் குமிழ் உள்ள டப்பாக்களும் வருகின்றன. குமிழை இழுத்ததும் காற்று உள்ளே போய் மூடி தளர்ந்துவிடும். கிடைத்தால் அதையே வாங்குங்கள். குமிழை முதலில், கிளிப்பைப் பிறகு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது, வெளியே தடித்த பிளாஸ்டிக், உள்ளே எவர்சில்வர் கிண்ணம் உள்ள ‘சூடு தாங்கும்’ டப்பா. கடைகளில் அதிகம் தூக்கிக் காட்டப்படுவது இது. எங்கள் பட்டியலில் கடைசியில் நிற்பதும் இதுவே. இது சூட்டைக் காப்பதில்லை, வெதுவெதுப்பைத்தான் காக்கிறது. சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. அதிலும் உடல் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதிவேகம். காலை ஏழரைக்குக் கட்டிய சோற்றை மதியம்வரை அந்தப் பதத்திலேயே வைத்திருப்பதால் யாருக்கு லாபம்? இதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இரண்டு அடுக்குக்கும் நடுவே நீர் இறங்கிவிடும். உலராது, சில வாரங்களில் வாடை கிளம்பும். கிண்ணம் தனியாகக் கழன்று வருகிற வகையானால் பரவாயில்லை, ஒட்டியே இருப்பதை வாங்க வேண்டாம்.

நான்காவது, வாக்கம் பிளாஸ்க் போன்ற சாப்பாட்டு ஜாடி. இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். உண்மையாகவே சூடு நிற்கும். அதற்கும் முறை இருக்கிறது. கொதிக்கும் நீரை நிரப்பி மூடிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். அரை ஜாடி வைத்தால் சூடு சீக்கிரம் இறங்கும். ஆறிய சோற்றை இதில் வைப்பது மூன்றாவது வகையைவிட மோசம். சரியாகச் செய்தால் மதியம் 60 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆனால் அந்தச் சூடு நான்கு வயது நாக்குக்கு ஆகாது, ஊதி ஆற்றித் தர பக்கத்தில் ஆளும் இருக்காது. திருகு மூடியின் மரையில் ஒரு பருக்கை சிக்கினாலும் மூடி நகராது. நல்ல பொருள்தான், இந்த வயதுக்கு அல்ல. இரண்டாம் வகுப்பு வரட்டும்.

ஐந்தாவது, படம் போட்ட, அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் டப்பா. பிள்ளைகள் கண் இதில்தான் விழும். தீனிக்கு வைக்கலாம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன், சாப்பாட்டுக்கு ஏற்றது. எண்ணே இல்லாததைத் தொட வேண்டாம். பெரும்பாலான டப்பாக்களில் அறைத் தடுப்பு மூடிவரை எட்டாது. பை சாய்ந்ததும் தயிர் பழத்துக்குள் போய்விடும். மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்த எந்தச் சாதமும் இரண்டே வாரத்தில் நிறத்தை மாற்றிவிடும், சோப்பில் போகாது. வெயிலில் இரண்டு நாள் கவிழ்த்து வைத்தால் கறை ஓரளவு மங்கும்.

எவர்சில்வர் வாங்கும்போது காந்தத்தை வைத்துத் தரம் பார்ப்பதில் பயன் குறைவு. நல்ல 304 ரகமும் ஒட்டாது, அதைவிட மலிவான 202 ரகமும் ஒட்டாது. 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், உப்பும் புளியும் பட்டால் சீக்கிரம் புள்ளி விழும். அடியில் ரகம் பொறித்திருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு இந்த முத்திரையைக் கட்டாயமாக்கி 2024இல் ஆணை வந்திருக்கிறது. எவர்சில்வருக்கான தர எண் ஐ.எஸ். 14756.

கசிவுச் சோதனையைக் குளிர்ந்த நீரில் மட்டும் செய்து ஏமாற வேண்டாம். பாதி அளவு வெந்நீர் ஊற்றி மூடி, காகிதத்தின் மேல் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, வாஷர் சரியில்லாத இடத்தில் நீர் வந்துவிடும். பிறகு பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டிக்கொள்ளுங்கள், உடலில் ஒன்று, மூடியில் ஒன்று. ஒரே மாதிரி டப்பா வகுப்பில் நாலைந்து இருக்கும். மாறிப்போவது எப்போதும் மூடிதான்.

அளவு விஷயத்தில் பெரும்பாலோர் தவறுவது பெரிதாக வாங்குவதில். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1360 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பட்டியல். அதில் கால் பங்கு மதியத்துக்கு என்றால் 340. முக்கால் கப் பருப்பு சாதம், ஒரு டீஸ்பூன் நெய், ஒரு அவித்த முட்டை, இரண்டு துண்டு பழம் சேர்ந்தால் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். இதற்கு 300 முதல் 350 மில்லி டப்பா தாராளம். 600 மில்லி டப்பாவின் அடியில் கொஞ்சமாகச் சோறு கிடந்தால் உலர்ந்துபோகும், பையில் குலுங்கி ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். நிரப்பி அனுப்பினால் பார்த்த உடனே பிள்ளைக்கு மலைப்பு. எடையும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை மழலையர் வகுப்புக்குப் பையே கூடாது என்கிறது. நடைமுறையில் சாப்பாட்டுப் பை இருக்கத்தான் செய்கிறது, அதனால் தண்ணீர் பாட்டிலை 350 மில்லியோடு நிறுத்துங்கள். பல பள்ளிகளில் எல்.கே.ஜி. மதியம் பன்னிரண்டோடு முடிந்துவிடும். அப்படியானால் தீனி டப்பா ஒன்றே போதும், முதலில் பள்ளியில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

இனி, இந்த டப்பாவில் எது எப்படி நிற்கும் என்பது. தயிர்சாதம்தான் நம் ஊர் வெயிலுக்குச் சரியான பரீட்சை. குழைய வடித்த சோறு ஒரு கப்பை சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பால் அரை கப் விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு டீஸ்பூன் தயிர் சேர்த்தால் மதியம் புளிக்காமல் இருக்கும். காலையிலேயே தயிரை அள்ளி ஊற்றினால் பதினொரு மணிக்கே புளிப்பு ஏறிவிடும். பால் கொதிக்கும்போதே தயிரை விட்டால் திரிந்துபோகும். கட்டும்போது கரண்டியிலிருந்து வழிகிற பதத்தில் இருந்தால்தான் சாப்பிடும்போது சரியாக இருக்கும், சோறு நேரம் போகப்போக நீரை இழுக்கும். சாம்பார் சாதம், வெண்பொங்கல் இரண்டுக்கும் இதே கணக்கு. வீட்டில் சாப்பிடும் பதத்தைவிடக் கால் கப் வெந்நீர் கூடுதல். கறிவேப்பிலை, மிளகாய், முழு மிளகு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

மினி இட்லி ஏழெட்டைத் தட்டிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பொடியும் நல்லெண்ணெயும் புரட்டி, தணலில் வாட்டிய வாழை இலைத் துண்டின் மேல் அடுக்கினால் ஒட்டாது, வேர்க்காது. தேங்காய்ச் சட்னி வேண்டாம். நன்றாக வதக்கிய தக்காளித் தொக்கு தாங்கும். சப்பாத்தியைச் சூடாக மூடினால் அதன் ஆவியே மேலே பட்டுச் சொட்டி அடிச் சப்பாத்தி களியாகிவிடும். துணியில் மூன்று நிமிடம் ஆறவிட்டு, நெய் தடவிச் சுருட்டி, மூன்றாக நறுக்கி வைக்கலாம்.

முதல் நாள் இரவு வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து அனுப்பவே கூடாது. சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. அது கக்கிய நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலையில் புதிதாக வடித்து, நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடும்படி எவ்வளவு தாமதமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு தாமதமாகக் கட்டுங்கள். எலுமிச்சை, புளி, தயிர் சேர்ந்தவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தேங்காயும் பருப்பும் சேர்ந்தவை முதலில் கெடும்.

தொண்டையில் அடைக்கும் பொருள்களில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். முழுத் திராட்சை, முழு வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன், வட்டமாக நறுக்கிய பச்சைக் கேரட் எதுவும் ஐந்து வயதுக்குக் கீழ் டப்பாவில் போகக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். கடலையைப் பொடித்து இட்லிப்பொடியில் சேர்க்கலாம். ஆப்பிளை ஒரு கப் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் உப்புப் போட்டு இரண்டு நிமிடம் நனைத்து எடுத்தால் கறுக்காது. எண்ணெய்ப் பண்டத்தின் அடியில் செய்தித்தாள் போடாதீர்கள், அச்சு மை உணவில் ஏறும்.

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒத்திகை வேண்டும். தரையில் உட்காரவைத்து, அதே டப்பா, அதே சின்ன ஸ்பூன், இருபது நிமிடம். திறப்பது, சாப்பிடுவது, மூடுவது, பைக்குள் வைப்பது நான்கையும் பிள்ளையே செய்யட்டும். தீனி டப்பாவுக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் ஒரே நிற மூடி வாங்காதீர்கள். இடைவேளையில் சோற்றைத் திறந்துவிட்டு மதியம் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருக்கும்.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை டப்பாவைத் திறந்துவைப்பது. வாஷரைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, வெயிலில் காயவிட வேண்டும். கழற்றாமலே கழுவினால் பத்துப் பதினைந்து நாளில் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை கோடு கட்டும். அது வந்துவிட்டால் தேய்த்துப் போக்கப் பார்க்காமல் புது வாஷர் போட்டுவிடுங்கள். கம்பி நார் பிளாஸ்டிக் மூடியைக் கீறிவிடும், தேங்காய் நார் போதும். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் பையை ஒருமுறை கூடுதலாகத் துழாவிப் பாருங்கள்; திங்கள் காலைவரை மூடியபடியே கிடந்த தயிர்சாத டப்பாவின் வாஷரில் ஏறிய வாடை எதற்கும் போகாது.