குற்றாலம் பக்கம் 'கமர்ஷியல் மனை' வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்க

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 4,75,000 ரூபாய். பத்து வருஷச் சேமிப்பு.

எனக்குப் பாளையங்கோட்டை. ஐந்தருவி பக்கம் ஐந்து சென்ட் வாங்கி, நாலு ரூம் காட்டேஜ் கட்டி சீசனுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மனை விற்கும் ஒரு ஆபீஸில் (பெயர் இப்போது வேண்டாம்) சென்ட் 3,80,000 என்றார்கள்.

இடம் பார்க்கப் போன அன்றைக்கு நல்ல சாரல். அந்த ஆபீஸிலிருந்து கூட வந்த தம்பி என் தலைக்குக் குடையைப் பிடித்துவிட்டு, தான் நனைந்துகொண்டே நடந்தான். அங்கேதான் விழுந்தேன். கார் பானெட்டில் மனைப் படத்தை விரித்தான். ரோட்டோரம் வரிசையாக நீலம், உள்ளே முழுக்க மஞ்சள். "நீலம் கமர்ஷியல் அண்ணாச்சி. லாட்ஜ் கட்டலாம், கடை போடலாம். மஞ்சள்ல வீடு மட்டுந்தான். ஒங்களுக்குன்னு நீலத்துல ஒண்ணு நிப்பாட்டி வச்சிருக்கேன்." அன்று சாயங்காலமே கால்வாசிப் பணம் 4,75,000 கொடுத்தேன். கைக்கு வந்தது பதியாத ஒப்பந்தம் ஒன்று.

போன வாரம் பிளான் போட இன்ஜினியர் நண்பரிடம் போனேன். அவர் நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் கொடுத்த வரைபடத்தை வாங்கிவந்து, என் கலர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் கமர்ஷியலே கிடையாது, எல்லாம் குடியிருப்பு மனை. என் ஐந்து சென்ட் இருக்கும் இடத்தில் பூங்கா! 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் பத்து சதவீதம் பொது இடமாக விட வேண்டுமாம். அதைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறான்.

போன் பண்ணினேன். "அது பழைய மேப் அண்ணாச்சி." மறுநாள், "முதலாளி மெட்ராஸ் போயிருக்காவ." நேரில் போய் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், டீ வந்தது, முதலாளி வரவில்லை. அப்புறம், "ஆடி கழியட்டும், உள்ள மஞ்சள்ல ஒண்ணு தாரோம்." மஞ்சளில் லாட்ஜ் கட்ட முடியாது என்று சொன்னதே அவன்தானே! நேற்று வேறு ஒரு குரல்: "அந்தப் பையன் இப்ப இங்க வேலை பாக்கல."

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மண்டை காயுது. விற்கிறவன் நீட்டும் கலர் படத்தை நம்பாதீங்க, ஒப்புதல் எண்ணைக் கேட்டு வரைபடத்தை நீங்களே எடுத்துப் பாருங்க. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. 500 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்திருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் கேளுங்க. அந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எனக்கு அது 1,90,000. நான் கொடுத்தது 4,75,000! அப்புறம், சாரல் நேரத்தில் இடம் பார்க்கப் போகாதீங்க, எல்லாம் சொர்க்கமாகத்தான் தெரியும்.

ரசீது, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கு. திங்கட்கிழமை தென்காசிக்குப் புகார் கொடுக்கப் போகிறேன். இதே குடைக்காரத் தம்பியிடம் வேறு யாராவது ஏமாந்திருந்தால் சொல்லுங்க, சேர்ந்தே போவோம்.