கட்டியின் மரபணுப் பரிசோதனை: கோவையில் கிடைத்த சேவை பற்றி

பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் பெரியப்பாவுக்காகக் கோவையிலுள்ள ஒரு தனியார் ஆய்வகத்தில் கட்டியின் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டோம். பயாப்சி பிளாக்கை (கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்த திசுவை) பெற்றுக்கொண்டதிலும், சொன்ன தேதியில் முடிவைத் தந்ததிலும் குறையில்லை. குறை அறிக்கையில்தான் இருக்கிறது. கே.ராஸ், என்.ராஸ் மரபணுக்களில் மாற்றம் இல்லாததால் செட்டுக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்தைப் பரிசீலிக்கலாம் என்பதை விரிவாக எழுதியவர்கள், எஃப்.பி.எக்ஸ்.டபிள்யூ.7 மரபணுவில் 465ஆவது அமினோ அமிலம் மாறியிருப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

கொடுத்த பணத்துக்கு ஈடாகக் கிடைத்தது, கட்டணத்திலேயே அடங்கிய ஆலோசனைதான். செல் பிரிவதற்கு முன் சைக்ளின் ஈ என்னும் புரதம் கூடி டி.என்.ஏ. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கிறது என்றும், வேலை முடிந்ததும் அது அழிந்தாக வேண்டும் என்றும் ஆலோசகர் தொடங்கினார். பாஸ்பேட் ஏறிய சைக்ளின் ஈயை எஃப்.பி.எக்ஸ்.டபிள்யூ.7 மரபணு உருவாக்கும் புரதம் பிடித்துக்கொடுக்க, அப்புரதத்துடன் இணைந்த நொதி யுபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தைச் சைக்ளின் ஈயின்மேல் சங்கிலியாகக் கோக்கிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டைக்குக் குறி போடுவது போன்ற அந்த அடையாளத்தைக் கண்டு, செல்லுக்குள் புரதங்களை அழிக்கும் அமைப்பான புரோட்டியாசோம் அதைச் சிதைக்கிறது. 465ஆவது இடம் சரியாகச் சைக்ளின் ஈயைப் பிடிக்கும் பகுதியில் அமைந்திருப்பதால், அது மாறினால் சைக்ளின் ஈயுடன், இதே வழியில் அழிக்கப்பட வேண்டிய மிக், நாட்ச் ஆகிய புரதங்களும் தேங்கி, பிரிவு கட்டுப்பாடிழந்து, குரோமோசோம்களும் நிலைகுலையக்கூடும். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடமும், டி செல் லுக்கீமியா என்னும் ரத்தப் புற்றுநோயில் அதைவிடக் கூடுதலானோரிடமும் இம்மரபணு மாற்றம் காணப்படுகிறது. செல் பிரிவு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற லேலண்ட் ஹார்ட்வெல்லின் ஈஸ்ட் ஆய்வுகளில் வெளிப்பட்ட சி.டி.சி.4 மரபணுவின் மனித வடிவமே இது என்பதையும் சொல்வார் என்று விலங்கியல் படித்த நான் எதிர்பார்த்தேன். பெரியம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

அவருடைய கேள்வி வேறு: "ஏனுங்க, இது எங்க பசங்களுக்கும் வருமுங்களா?" இத்தகைய மாற்றம் பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே உண்டாவது, பரம்பரையாக வருவது அரிது, உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். இந்த மாற்றத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இப்போது இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். விலையுயர்ந்த அடுத்த பரிசோதனை எதையும் எங்கள் தலையில் கட்டவில்லை.

அறிக்கைக்கு மட்டும் என்றால் இந்தக் கட்டணம் அதிகம்; ஆலோசனையோடு என்றால் தகும். பரிசோதனைக்குக் கொடுக்கும்போதே தமிழில் ஆலோசனை வேண்டும் என்று பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனெனில் கேட்காதவர்களுக்கு அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.