டிரிஃப்ட் பழக எந்த கேம்? வலது ஆள்காட்டி விரலை வைத்து ஓர் ஒப்பீடு

கேம்பேடில் (இரு கைகளாலும் பிடித்து ஆடும் கட்டுப்பாட்டுக் கருவியில்) டிரிஃப்ட், அதாவது காரைச் சறுக்கவிட்டே வளைவைக் கடப்பது, பழகத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்தில் நொந்துகொள்வது இடது கட்டைவிரலைத்தான். ஸ்டியரிங்குக்குப் பதிலாக இருக்கும் ஸ்டிக் என்ற சிறு குச்சியை எதிர்ப்பக்கம் ஒடிக்கத் தாமதமாகிவிட்டது, அதனால்தான் கார் பம்பரமாகச் சுழன்றது என்று நானும் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே காரை, ஒரே மாதிரி வளைவில், வெவ்வேறு கேம்களில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தவறு எங்கே என்று புரிந்தது: ஆக்ஸிலரேட்டராக வேலை செய்யும் டிரிகரின் (கேம்பேடின் பின்விளிம்பில் உள்ள விசையின்) மேலிருந்த வலது ஆள்காட்டி விரலுக்கு முழுதாக அழுத்தவும் முழுதாக விடவும் மட்டுமே தெரிந்திருந்தது. ஆகவே இந்த அலசலில் படத்தின் அழகையோ கார்களின் எண்ணிக்கையையோ நான் அளக்கப் போவதில்லை. டிரிகரைப் பாதி அழுத்தினால் பாதிக்குரிய பதிலை எந்த கேம் நேர்மையாகத் தருகிறது என்ற ஒரே கேள்வியை வைத்து நீட் ஃபார் ஸ்பீட் ஹீட், ஃபோர்ஸா ஹொரைசன் 5, கிரான் டூரிஸ்மோ 7, கார்எக்ஸ் டிரிஃப்ட் ரேசிங் ஆன்லைன், அசெட்டோ கோர்ஸா ஆகிய ஐந்தையும் எடைபோடுகிறேன்.

டிரிகருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு டயரிடம் உள்ள பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது; அதை முன்னோக்கி உந்துவதற்கும் பக்கவாட்டில் தாங்குவதற்கும் அது பங்கிட்டுக்கொள்கிறது. பின்சக்கரங்கள் இயக்கும் காரில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினால் உந்துதலே பிடிப்பை எல்லாம் தின்றுவிடும், பக்கவாட்டில் தாங்க எதுவும் மிஞ்சாமல் பின்பாகம் வெளியே சறுக்கும். அந்த நிலையில் முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, எஞ்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும் சறுக்கலின் கோணத்தைக் காப்பதுதான் டிரிஃப்ட். இங்கே பயந்துபோய் டிரிகரைச் சட்டென்று விட்டுவிட்டால் பின்டயர்கள் ஒரே நொடியில் தரையைப் பற்றிக்கொள்ளும். முன்சக்கரங்களோ இன்னும் எதிர்ப்பக்கமே திரும்பியிருக்கும். கார் அந்தப் பக்கமாகச் சாட்டை சொடுக்கியதுபோல் பாயும். தொடக்கத்தில் நாம் சுவரில் மோதும் விபத்துகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் அனுபவம்.

ஸ்டிக்கின் சிக்கல் வேறு மாதிரியானது. உண்மையான காரில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப இரண்டரைச் சுற்றுக்கு மேல் தேவைப்படலாம். கேம்பேடில் அத்தனையும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அசைவுக்குள் அடங்கிவிடுகிறது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சறுக்கும்போது ஓட்டுநர் கையைத் தளர்த்தினால், முன்சக்கரங்கள் பொருத்தப்பட்டுள்ள சாய்வின் காரணமாக ஸ்டியரிங் தானாகவே சுழன்று, கார் போகும் திசையை நோக்கித் திரும்பிக்கொள்ளும். டிரிஃப்ட் ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கை உள்ளங்கைக்குள் ஓடவிடுவது இதனால்தான். கேம்பேடின் ஸ்டிக்கோ கையை விட்டால் நடுவுக்கு வரும், அவ்வளவுதான். ‘நடு’ என்பதற்கு எந்த கேம் என்ன பொருள் கொள்கிறது என்பதில்தான் ஐந்தும் பிரிந்து நிற்கின்றன.

2019இல் வெளிவந்த நீட் ஃபார் ஸ்பீட் ஹீட் மிக எளியது. வளைவில் டிரிகரை ஒருமுறை விட்டு மறுபடி அழுத்தினால் போதும், ‘இவர் டிரிஃப்ட் கேட்கிறார்’ என்று கேம் புரிந்துகொண்டு காரைக் குறுக்கே திருப்பிவிடும். கோணத்தையும் பெரும்பாலும் அதுவே காத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் கைகூடுகிற மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே டிரிகர் ஆக்ஸிலரேட்டராக இருப்பதைவிட ஒரு சமிக்ஞைப் பொத்தானாகவே இருக்கிறது. முக்கால் அழுத்தத்துக்கும் முழு அழுத்தத்துக்கும் இடையே விரல் கற்றுக்கொள்ள ஏதுமில்லை. இன்னும் மோசமானது, வளைவின் வாயிலில் டிரிகரைத் தட்டும் அந்தப் பழக்கத்தை வேறு கேமுக்கு எடுத்துச் சென்றால் கார் சறுக்குவதற்குப் பதிலாக மூக்கைக் கொண்டுபோய்ச் சுவரில் இடிக்கும். அந்தப் பழக்கத்தை மறக்க எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. டிரிஃப்டை ரசிக்க இந்த கேம் போதும். பழகுவதற்கு இது வேண்டாம்.

2021 நவம்பரில் வெளிவந்த, மெக்சிகோவைக் களமாகக் கொண்ட ஃபோர்ஸா ஹொரைசன் 5 விஷயத்தில் தீர்ப்பு அவ்வளவு எளிதல்ல, ஏனென்றால் ஒரே கேமுக்குள் இரண்டு கேம்கள் ஒளிந்திருக்கின்றன. முதலில் வரும் அமைப்புகளோடு ஓட்டினால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் எஞ்சின் விசையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் காரை நேராக்கிக்கொண்டே இருக்கும். நாம் சறுக்கவிட முயல, கார் நம்மைக் காப்பாற்ற முயலும். இவ்விரண்டையும் அணைத்து, கியரை மேனுவலுக்கு மாற்றி, ஸ்டியரிங்கை மட்டும் ‘ஸ்டாண்டர்ட்’ நிலையிலேயே விட்டுவிட்டால் அது வேறு கேம். ஆட்டோமேட்டிக் கியர் ஏன் ஆகாது என்றால், சறுக்கலின் நடுவே எஞ்சின் சுற்று உச்சத்தைத் தொட்டதும் அது தானாக அடுத்த கியருக்குத் தாவும், சக்கரங்களுக்குப் போகும் இழுவிசை குறையும், டயர்கள் பற்றிக்கொள்ளும், சாட்டை சொடுக்கும். மூன்றாவது கியரில் போட்டுவிட்டு அந்த வளைவு முடியும்வரை அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

‘ஸ்டாண்டர்ட்’ ஸ்டியரிங்கை வைத்திருக்கச் சொல்வதைச் சிலர் ஏளனம் செய்வார்கள், ‘சிமுலேஷன்’ நிலைதான் ஆண்மை என்பதுபோல. கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவதில் இழிவு ஏதுமில்லை. மிதப்பதைக் குடுக்கை பார்த்துக்கொள்ள, கைகால் அடிப்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஸ்டாண்டர்ட் ஸ்டியரிங் செய்வதும் அதேதான்: எதிர்த்திருப்பத்தின் ஒரு பகுதியைத் தானே சமாளித்து, நம் கவனத்தை டிரிகருக்கு விட்டுத் தருகிறது.

நான் பழகியது நிஸானின் சில்வியா ஸ்பெக்-ஆர் காரில், எஞ்சினில் கைவைக்காமல். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் திறன் சுமார் 250 குதிரைத்திறன்தான். இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியலை மாற்றி, ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது இரு பின்சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும்படி 100 சதவீதம் பூட்டினேன். முன்சக்கரச் சாய்வான கேஸ்டரை அந்த கேம் அனுமதிக்கும் உச்சமான 7 பாகைக்கு ஏற்றினேன். பிறகு ஒரே ஒரு கொண்டையூசி வளைவு. ஹேண்ட்பிரேக்கை ஒரு கணம் தட்டிப் பின்பாகத்தை அவிழ்த்துவிட்டு, டிரிகரை முழுதாக அழுத்தினால் கார் சுழன்றது. பாதியில் நிறுத்தினால் சறுக்கல் செத்து நேரானது. முக்கால் அளவில் வைத்து, கோணம் கூடுகிறபோது ஒரு நூல் தளர்த்தி, குறைகிறபோது ஒரு நூல் இறுக்கினால் கார் வளைவு முழுவதும் தொங்கிக்கொண்டு வந்தது. இதில் பெரிய வரம் ரீவைண்ட் பொத்தான். தவறிய கணத்துக்குச் சில நொடிகள் முன்னே போய் அதே வேகத்தில், அதே கோணத்தில் மறுபடி முயலலாம். அரை மணி நேரத்தில் ஐம்பது முறை அந்த வளைவைத் தின்றேன் என்று சொன்னால் மிகையாகாது. கிரான் டூரிஸ்மோ 7இல் இந்த வசதி இல்லை.

குறையும் இங்கேதான் இருக்கிறது. இந்த கேமில் டிரிஃப்ட் ஓட்டும் பலர் 800, 1,000 குதிரைத்திறனுக்கு ஏற்றிய கார்களையும், யாரோ செய்து பகிர்ந்த டியூன்களையும் (காரின் அமைப்பு அளவுகளையும்) பயன்படுத்துகிறார்கள். அத்தகைய காரில் டிரிகரை முழுதாக அழுத்தியபடியே ஸ்டிக்கை மட்டும் ஆட்டி ஒரு டிரிஃப்ட் ஸோனை (சறுக்கலுக்குப் புள்ளி தரும் சாலைப் பகுதியை) கடந்துவிடலாம், மூன்று நட்சத்திரமும் கிடைக்கும். புள்ளி ஏறும், விரல் அப்படியே இருக்கும். குறைந்த திறனுள்ள காரில்தான் இந்த கேம் நம்மிடம் உண்மை பேசுகிறது.

கிரான் டூரிஸ்மோ 7 பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 2022 மார்ச்சில் பிளேஸ்டேஷனுக்கு வந்த இதில் எதிர்த்திருப்ப உதவியை அணைக்கலாம், மெலிதாகவோ வலுவாகவோ வைக்கலாம். பிடிப்பு மிகக் குறைந்த ‘கம்ஃபோர்ட் ஹார்ட்’ டயரை மாட்டினால் குறைந்த வேகத்திலேயே சறுக்கல் கிடைப்பதால், நடப்பதை நிதானமாகக் கவனிக்க நேரம் இருக்கும். டிரிகருக்கு இது தரும் பதில் நுட்பமானது, ஆனால் மன்னிப்பு குறைவு. ஃபோர்ஸாவில் தப்பித்துவிடும் தவறு இங்கே தப்பாது. கையில் பிளேஸ்டேஷன் 5 இருப்பவர் டயரை மாற்றி இங்கேயே தொடங்கலாம்.

கார்எக்ஸ் டிரிஃப்ட் ரேசிங் ஆன்லைன் என்பது டிரிஃப்டைத் தவிர வேறெதையும் அறியாத கேம். அது ஒரு குறையாகத் தோன்றலாம். பழகுபவருக்கோ அதுவே நிறை. பந்தய நிலை, எதிரிகள், வரைபடம் என்று கவனத்தைச் சிதறடிக்க எதுவுமில்லை. சறுக்கல் தொடரும்வரை புள்ளி ஏறுகிறது, நேரானால் நிற்கிறது. கேம்பேடை மனத்தில் வைத்தே இதன் ஸ்டியரிங் அமைக்கப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: ஸ்டிக்கை விட்டால் முன்சக்கரங்கள் காரின் நேர்க்கோட்டுக்கு வராமல் கார் போகும் திசையை நோக்கித் தாமாகவே திரும்புகின்றன, உண்மைக் காரில் ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் ஓடுவதைப் போல. இதனால் இடது கட்டைவிரலின் வேலை சிறு திருத்தங்களாகச் சுருங்கிவிடுகிறது.

ஃபோர்ஸாவில் ஒரு வளைவைக் கற்றுக்கொண்ட எனக்கு, ஒரு வளைவிலிருந்து எதிர் வளைவுக்குச் சறுக்கலை அறுக்காமல் மாறும் வித்தை இங்கேதான் கைவந்தது. முதல் வளைவின் முடிவில் டிரிகரை ஒரு நொடிக்கும் குறைவாகத் தளர்த்தவேண்டும். எடை முன்பக்கம் சாயும். பின்பாகம் ஊஞ்சல் போல் மறுபக்கம் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் நடுக்கோட்டைத் தாண்டும்போதே மறுபடி அழுத்தவேண்டும். தாண்டிய பிறகு அழுத்தினால் தாமதம், தாண்டும் முன் அழுத்தினால் கார் திரும்பவே திரும்பாது. இரண்டாம் பத்தியில் விபத்துக்குக் காரணம் என்று சொன்ன அதே ‘விடுதல்’ இங்கே கருவியாகிவிடுவதைக் கவனிக்கவேண்டும். இணைய அறைகளில் பிறர் கார்களோடு ஒட்டி ஓட்டும் டேண்டமும் விரலை வளைக்கும் பயிற்சிதான், ஏனென்றால் முன்னே போகிறவரின் வேகத்துக்கு நம் டிரிகர் பணிந்தாகவேண்டும். கன்சோலோ கணினியோ இல்லாதவருக்கு இதே நிறுவனத்தின் கார்எக்ஸ் டிரிஃப்ட் ரேசிங் 2 கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் தொடுதிரையில் விரலுக்கு அழுத்தத்தின் உணர்வே கிடைக்காது என்பதால் இந்த அலசலின் அளவுகோலில் அதற்கு இடமில்லை.

இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்ஸா இன்றும் டிரிஃப்ட் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. டிரிஃப்டுக்கென்றே செய்த பிஎம்டபிள்யூ எம்3 கார்களும், சறுக்கிப் பழகுவதற்கான ஒரு சிறு தடமும் அதனோடே வருகின்றன. டிரிகரின் நேர்மை என்று பார்த்தால் ஐந்தில் முதலிடம் இதற்கே. ஆனால் இது ஸ்டியரிங் வீலுக்காகப் பிறந்தது, கேம்பேட் விருந்தாளிதான். ஸ்டிக்கை விட்டால் முன்சக்கரங்கள் நேராகிவிடுகின்றன. எதிர்த்திருப்பம் முழுவதையும் கட்டைவிரலே நொடிக்கு நொடி பிடித்துவைக்கவேண்டும். கேம்பேட் அமைப்பில் ஃபில்டர் என்பது அசைவை மென்மையாக்கும், கூடவே தாமதப்படுத்தும். வேகத்துக்கேற்பத் திருப்பத்தைக் குறைக்கும் ஸ்பீட் சென்சிடிவிட்டியோ, அதிக எதிர்த்திருப்பம் தேவைப்படும் நேரத்தில்தான் கையைக் கட்டிப்போடும். இரண்டையும் வெகுவாகக் குறைத்துவிட்டு, ஸ்டிக்கின் நடுப்பகுதியை மந்தமாக்கும் காமாவைச் சற்று ஏற்றினால் ஓட்ட முடிகிறது. ரசிகர்கள் உருவாக்கிய கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் வழியாகச் சேர்க்கும் கேம்பேட் உதவிகளைப் போட்டால், கார்எக்ஸில் உள்ளதுபோல் தானாகத் திரும்பும் ஸ்டியரிங்கும் கிடைக்கிறது. ஒரு மாலைப் பொழுது முழுவதும் அமைப்புப் பட்டியல்களில் கழியும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இதில் தொடங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. இங்கே வந்து சேர்வது நல்லது.

ஆகவே என் வரிசை: ஃபோர்ஸாவில் குறைந்த திறனுள்ள காரோடு ஒரு வளைவு, கார்எக்ஸில் வளைவிலிருந்து வளைவுக்கு, பிறகு ஆசை இருந்தால் அசெட்டோ கோர்ஸா. ஒரே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கார்எக்ஸ்.

கருவியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நான் மலிவாக வாங்கிய ஒரு கேம்பேடின் இடது ஸ்டிக் எட்டு மாதத்தில் தேய்ந்து, யாரும் தொடாமலே இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது; அந்தக் கோளாறுக்கும் ‘டிரிஃப்ட்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. ஸ்டிக்கின் உள் டெட்ஸோனை (நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதியை) சிறிது கூட்டி அதைச் சில மாதம் சமாளித்தேன். ஸ்டிக் கெட்டால் இப்படிச் சமாளிக்கலாம், டிரிகர் விஷயத்தில் சமாளிப்புக்கு வழி குறைவு. நின்டெண்டோ ஸ்விட்சின் டிரிகர்கள் அழுத்தத்தின் அளவை அறியாத வெறும் பொத்தான்கள். மலிவான கணினிக் கேம்பேடுகள் சிலவும் அப்படியே. அவற்றில் பாதி அழுத்தம் என்ற ஒன்றே கிடையாது. அப்படிப்பட்ட கேம்பேட்தான் கையில் இருக்கிறதென்றால், கணினியில் ஆக்ஸிலரேட்டரை வலது ஸ்டிக்கின் மேல்நோக்கிய அசைவுக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் கேம்களில் அப்படி மாற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கையும் ஏதாவது தோள்பொத்தானுக்கு நகர்த்தவேண்டியிருக்கும், ஏனென்றால் வலது கட்டைவிரல் இனி ஸ்டிக்கை விட்டு வேறெங்கும் போக முடியாது.