ஒற்றைக் கீழறை இதயத்துக்கு ‘இயல்பு’ என்று வந்த எக்கோ அறிக்கை: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

என் மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தின் இடக் கீழறை வளரவில்லை. அந்த அறைக்குள் இரத்தம் நுழையும் மைட்ரல் வால்வும் அடைபட்டே இருந்தது. நார்வுட், கிளென், ஃபான்டன் என்று படிப்படியாகச் செய்யப்பட்ட மூன்று அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின், அவளுடைய வலக் கீழறை ஒன்றே உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. நுரையீரலுக்கான இரத்தமோ எந்தக் கீழறையின் உந்துதலும் இன்றிப் பெருஞ்சிரைகளிலிருந்து நேராகச் செல்கிறது. இப்படிப்பட்ட குழந்தைக்கு ஒரு பரிசோதனை மையம் கொடுத்த எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை) அறிக்கையில், “இடக் கீழறையின் அளவு இயல்பு, எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் 62 சதவீதம், மைட்ரல் வால்வு இயல்பு” என்று அச்சாகியிருந்தது. இல்லாத அறையையும் திறக்காத வால்வையும் இயல்பு என்று எழுதி, அதன் கீழே ஒரு மருத்துவர் கையெழுத்தும் இட்டிருந்தார். அவர் குழந்தையைப் பார்க்கவே இல்லை.

அறுவைச் சிகிச்சைச் சுருக்கங்கள் அனைத்தையும் பரிசோதனைக்கு முன்பே கொடுத்திருந்தோம். யாரும் அவற்றைப் பிரித்துப் படிக்கவில்லை என்பதும், பெரியவர்களின் இரண்டு கீழறை இதயத்துக்காகக் கணினியில் தயாராக வைத்திருக்கும் படிவம் அப்படியே நிரப்பப்பட்டது என்பதும் அறிக்கையின் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தன. கணினிப் படிவம் ஒரு வசதி என்பதை ஏற்கிறேன். ஆனால் நோயாளியின் இதயம் படிவத்துக்குப் பொருந்தாதபோது படிவத்தை ஒதுக்கி வைப்பதுதான் மருத்துவம்.

அந்த 62 என்ற எண் ஏன் ஆபத்தானது என்பதை விளக்கியாக வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையிலுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதே எஜெக்ஷன் ஃப்ராக்ஷன். வழக்கமான எக்கோ முறை, இரண்டு கோணங்களில் உள்சுவரை வரைந்து, அறையைத் துப்பாக்கித் தோட்டா போன்ற வடிவமாக எடுத்துக்கொண்டு கொள்ளளவைக் கணக்கிடுகிறது. இந்த அனுமானம் இடக் கீழறைக்காக ஏற்பட்டது. வலக் கீழறையின் வடிவம் வேறு, அதன் உட்சுவர் கரடுமுரடானது, உடல் முழுவதன் பாரத்தையும் சுமக்கும்போது அது இன்னும் உருமாறுகிறது. மேலும், வால்வு கசிந்தால் இரத்தத்தின் ஒரு பகுதி அழுத்தம் குறைந்த மேலறைக்கு எளிதாகத் திரும்பிவிடும். கணக்கோ அதையும் வெளியேறியதாகவே சேர்த்துக்கொள்ளும். ஆகவே தசை களைத்துக்கொண்டிருக்கும்போதே எண் அழகாகத் தெரியக்கூடும்.

என் மகளுக்கு நேர்ந்தது இதுவே. படியேறும்போது முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது என்பதற்காகத்தான் அந்தப் பரிசோதனைக்கே போனோம். அறிக்கையைக் கண்டு எல்லோரும் நிம்மதி அடைந்தோம், அவளுடைய சிகிச்சை தள்ளிப்போனது. பிறவி இதயக் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற குழந்தை இதய மருத்துவர் மீண்டும் எக்கோ எடுத்தபோது, வலக் கீழறைக்குள் இரத்தம் நுழையும் டிரைகஸ்பிட் வால்வில் கணிசமான கசிவு இருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையின் பரப்பு எவ்வளவு சுருங்குகிறது என்று அவர் அளந்தார். இயல்பான வலக் கீழறையில் 35 சதவீதத்துக்குமேல் இருக்க வேண்டிய அந்த அளவு அவளுக்குக் குறைந்திருந்தது. கசியும் இரத்தத்தின் வேகம் நொடிக்கு 1 மீட்டரிலிருந்து 3 மீட்டராக உயர எடுக்கும் நேரத்தையும் இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் முறையில் கணித்தார். அந்த இடைவெளியில் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசம் உயர்கிறது என்பதால், கீழறை எவ்வளவு விரைவாக அழுத்தத்தை எழுப்புகிறது என்பது அதிலிருந்து தெரியும். பெருந்தமனி வளைவு, ஃபான்டன் பாதை (சிரை இரத்தம் நுரையீரலுக்குச் செல்ல அமைக்கப்பட்ட வழி), கல்லீரல் சிரைகள் ஆகியவற்றின் இரத்த ஓட்டமும் தனித்தனியாகப் பதிவாயின. முதல் அறிக்கையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

மையத்திடம் விளக்கம் கேட்டோம். ‘இடக் கீழறை’ என்பதை ‘வலக் கீழறை’ என்று மாற்றி, அதே 62 சதவீதத்துடன் திருத்திய அறிக்கை என ஒன்றை அனுப்பினார்கள். அசையும் படப்பதிவுகளைக் கேட்டபோது, அவை சேமிக்கப்படவில்லை என்றார்கள். மறு அளவீடு செய்யவோ, அடுத்த ஆண்டின் பரிசோதனையோடு ஒப்பிடவோ இனி வழியில்லை. இதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது, ஏனெனில் இந்தக் குழந்தைகளுக்குத் தனி ஓர் எண்ணைவிட, காலப்போக்கில் ஏற்படும் மாற்றமே அதிகம் சொல்லும்.

எனவே முன்பதிவு செய்யும்போதே, பிறவி இதயக் குறைபாடுகளை அறிந்த மருத்துவர்தான் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவாரா என்று கேளுங்கள். அன்றைய உயரம், எடை, இரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு ஆகியவை அறிக்கையில் இருக்க வேண்டும். எந்தக் கீழறை, எந்த முறையில் அளக்கப்பட்டது, வால்வுக் கசிவு எவ்வளவு என்பவை எழுதப்படாத அறிக்கையைக் கையில் வாங்காமல் அங்கேயே கேள்வி கேளுங்கள். படப்பதிவுகளைக் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். படம் தெளிவாக இல்லை என்றாலோ, அறிக்கையும் குழந்தையின் களைப்பும் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, இதய எம்.ஆர்.ஐ. தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒற்றைக் கீழறையின் கொள்ளளவை, வடிவத்தை அனுமானிக்காமல் அளக்க அதுவே எக்கோவைவிட நம்பகமான வழி.