சிவப்பு எழுத்து எங்கே போச்சு?

என் மகளுக்குப் பத்து வயது. டிராகன், மந்திரவாதி, பேசும் ஓநாய் என்று எது கையில் கிடைத்தாலும் இரண்டே நாளில் முடித்துவிடுவாள். மிக்கேல் எண்டேயின் 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி'யை மட்டும் பாதியில் மூடி வைத்துவிட்டாள். "ஒண்ணுமே புரியலைம்மா." தப்பு அவள் மேலும் இல்லை, எண்டே மேலும் இல்லை. நான் வாங்கின பதிப்பு அப்படி.

1979-இல் ஜெர்மனில் வெளிவந்த நாவல் இது. நாங்கள் படித்தது ரால்ஃப் மான்ஹைமின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பாஸ்டியன் என்ற பையன் பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தைத் திருடிக்கொண்டு ஓடி, பள்ளிக்கூடப் பரணில் ஒளிந்து படிக்கிறான். அவன் இருக்கும் உலகம் சிவப்பு மையில், அவன் படிக்கும் கதை பச்சை மையில். இப்படித்தான் அச்சிட வேண்டும். நான் ஆன்லைனில் பார்த்த படத்திலும் இரண்டு நிறம் இருந்தது. வந்து சேர்ந்ததோ முழுக்கக் கறுப்பு. சிவப்புக்குப் பதில் சாய்வெழுத்து. புத்தகக் கடைக் காட்சி முழுக்கச் சாய்வெழுத்தில் இருந்ததால் மகள் அதை முன்னுரை என்று நினைத்துத் தள்ளிவிட்டாள். முன்னுரையை எந்தக் குழந்தை படிக்கும்? அப்புறம் நடுநடுவே வந்ததையும் ஏதோ குறிப்பு என்று தாண்டியிருக்கிறாள். பாஸ்டியனே இல்லாமல் படித்தால் என்ன புரியும்! விற்றவரிடம் கேட்டதற்கு, கதை ஒன்றுதானே என்று பதில் வந்தது.

சரி என்று தேடிப் பிடித்து, இரண்டு நிறத்தில் அச்சான பழைய கெட்டி அட்டைப் பிரதி ஒன்றை வாங்கினேன். ஓரம் கொஞ்சம் நைந்திருந்தது, மை மங்கவில்லை. நாலாவது அத்தியாயத்தில், பாஸ்டியன் படிக்கும் கதையின் நாயகனான அட்ரேயு என்ற பையன் ஒரு பயங்கரமான ஜந்துவின் எதிரே போய் நிற்கிறான். அதைப் படித்துக்கொண்டிருக்கும் பாஸ்டியன் பயத்தில் கத்திவிடுகிறான். இது சிவப்பு. அடுத்து பச்சையில், அந்தப் பள்ளத்தாக்கில் யாரோ கத்திய சத்தம் எதிரொலிக்கிறது. மகள் விரலைச் சிவப்பில் ஒரு தடவை, பச்சையில் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். "அம்மா, இவன் கத்தினது அங்கே கேட்டுடுச்சு!" கறுப்புப் பிரதியில் இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்து போயிருந்தாள்.

26 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏ முதல் இசட் வரை வரிசையாக ஒரு எழுத்தில் தொடங்கும். இதை நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். எக்ஸில் என்ன செய்யப் போகிறார்கள் என்று அதற்குப் பிறகு ஒரே கவலை. ஒரு சூனியக்காரியின் பெயரை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாவது அத்தியாயத்தில் ஆர்டாக்ஸ் என்ற குதிரை சேற்றில் மூழ்கும். 1984-இல் வந்த படத்திலும் இது உண்டு, ஆனால் புத்தகத்தில் அந்தக் குதிரை பேசும். தன்னை விட்டுவிட்டுப் போகச் சொல்லும். மகள் புத்தகத்தை மூடிவிட்டு மூன்று நாள் தொடவில்லை. தூங்கப் போகும் நேரத்தில் இந்த அத்தியாயத்தை எடுக்காதீர்கள்.

படம் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று நினைப்பார்கள். படம் ஏறத்தாழ முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. அதிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார் எண்டே. இரண்டாம் பாதியில் பாஸ்டியனே கதைக்குள் போய்விடுகிறான். அங்கே ஆசைப்பட்டதெல்லாம் நடக்கும், ஆனால் ஒவ்வொரு ஆசைக்கும் சொந்த ஞாபகம் ஒன்று போய்விடும். உண்மையைச் சொன்னால், பெரும் படையோடு அவன் ஊர்வலம் போகும் அத்தியாயங்கள் எனக்கு இழுவைதான், இரண்டு இரவு வாசித்துக்கொண்டே தூங்கிப்போனேன். மகள் என்னை உலுக்கி எழுப்பினாள். அவளுக்கு பாஸ்டியன் மேல் கோபமான கோபம். "ரொம்பத் திமிர் பிடிச்சுட்டான். அட்ரேயுகிட்ட இப்படியா பேசுவாங்க?" என்று என்னோடு சண்டை. நல்லவனாகவே இருக்கும் கதாநாயகர்களைப் பற்றி அவள் இவ்வளவு பேசியதில்லை.

பத்து வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாகப் படிப்பது கஷ்டம். கூட உட்காருங்கள். வாங்கும் முன் உள்பக்கப் படம் கேளுங்கள், ஒரே நிறம் என்றால் வேண்டாம்.

பாஸ்டியன் உள்ளே போன பிறகு பக்கம் பக்கமாகப் பச்சைதான். இருபதாவது அத்தியாயம் வாக்கில் மகள் திடீரென்று நிறுத்தினாள்.

"அம்மா, சிவப்பு எழுத்து எங்கே போச்சு? அவன் வீட்டையே மறந்துட்டானா?"

அடுத்த பக்கங்களைப் புரட்டிப் பார்க்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.