விபிஎன் சாதனம், மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு: ஐந்துக்கு இரண்டு

வெளியிலிருந்து வேலை செய்பவர்களை அலுவலக வலையமைப்புடன் இணைக்கும் விபிஎன் சாதனம் ஒன்றை மூன்று ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். தயாரிப்பாளரின் பெயர் இங்கே வேண்டாம். அன்றாடப் பயன்பாட்டில் அதன்மீது சொல்லக் குறையில்லை: இணைப்பு சட்டென்று கிடைக்கும், நிர்வாகப் பக்கம் தெளிவாக இருக்கும், ஒரு பெட்டி நின்றாலும் ஜோடிப் பெட்டி வேலையைத் தொடரும்.

அண்மையில் வந்த அவசர ஃபர்ம்வேர் (சாதனத்தின் உள்மென்பொருள்) புதுப்பிப்புதான் இதை எழுத வைத்தது. கடவுச்சொல் ஏதுமின்றி வெளியிலிருந்தே சாதனத்தின் நினைவகத்தைப் படித்துவிடலாம் என்பது அது சரிசெய்த குறை. 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெட்ஸ்கேலர் என்ற வலையமைப்புச் சாதனத்தில் வெளிவந்து ‘சிட்ரிக்ஸ் பிளீட்’ என்று பெயர் பெற்ற சிவிஇ-2023-4966 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) இதே இனம். அதன் காரணம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. பதிலை எழுதிய ஃபங்ஷன் (நிரல் பகுதி), தான் உண்மையில் எழுதிய நீளத்தை அல்லாமல், இடம் போதியிருந்தால் எழுதியிருக்கக்கூடிய நீளத்தைத் திருப்பித் தருவது. அந்த எண்ணைச் சரிபார்க்காமல் அத்தனை பைட்டுகளையும் அனுப்பியதால், கோரிக்கையில் தள முகவரியைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டரை வேண்டுமென்றே நீட்டி அனுப்பியவருக்குப் பக்கத்து நினைவகமும் சேர்ந்தே போய்விட்டது. உள்நுழைந்திருந்தவர்களின் செஷன் டோக்கன்கள் (ஏற்கெனவே உள்நுழைந்தவரைச் சாதனம் அடையாளம் காணும் குறியீடுகள்) அதில் இருந்தன. டோக்கன் கிடைத்தவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 10-க்கு 9.4 என்று தீவிரம் கணிக்கப்பட்ட அந்தக் குறையைப் பயன்படுத்தி, பேட்ச் (குறையைச் சரிசெய்யும் புதுப்பிப்பு) வருவதற்கு முன்பே, ஆகஸ்ட் இறுதியிலிருந்து தாக்குதல்கள் நடந்திருந்தன.

எங்கள் சாதனத்தில் பேட்ச் போடுவது எளிதாகவே முடிந்தது. ஒரு பெட்டி மறுதொடக்கம் ஆகும்போது மற்றது இணைப்புகளைத் தாங்கிக்கொண்டது. பிறகு அவை இடம் மாறிக்கொண்டன. எழுந்து கிளம்பும்போதுதான் என் மடிக்கணினியைக் கவனித்தேன்: இணைப்பு அறுபடவே இல்லை. காலையில் பெற்ற டோக்கன் புதிய ஃபர்ம்வேரிலும் செல்லுபடியாகிறது என்றால், பேட்சுக்கு முன் திருடியவரின் கையில் இருப்பதும் செல்லுபடியாகும். விற்பனைக் கையேடு பெருமையாகச் சொல்லும் தடையில்லா இணைப்பு அன்றிரவு எங்களுக்கு எதிராகவே வேலை செய்தது. எல்லா செஷன்களையும் கையால் துண்டித்தேன்; மறுநாள் காலை வந்த புகார் அழைப்புகளைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

செஷன்களைத் துண்டிக்க வேண்டும் என்ற அறிவுரை தயாரிப்பாளரின் அறிவிப்பில் இல்லாமல் இல்லை. பதிவிறக்கச் சுட்டிக்கும் பதிப்பு அட்டவணைக்கும் கீழே, அவசரத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒற்றை வரியாகக் கிடந்தது. எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் பட்டது லாக், அதாவது நடந்தவற்றின் பதிவேடுதான். யாராவது வந்து போனார்களா என்று பார்க்கத் திறந்தால், குறையைத் தொடும் அந்தக் கோரிக்கைகளைச் சாதனம் பதிவு செய்வதே இல்லை. முன்னால் தனியாக ஒரு ஃபயர்வால் இருந்து அதன் லாக் கைகொடுத்ததால் ஓரளவு சரிபார்க்க முடிந்தது. இந்தப் பெட்டியை மட்டும் நம்பி வாசலில் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

ஃபர்ம்வேர் மாறும்போது பழைய டோக்கன்கள் தாமாகவே செல்லாமல் போகும் வசதியையும், எல்லாக் கோரிக்கைகளையும் வெளி சர்வருக்கு லாக்காக அனுப்பும் வசதியையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை ஆதரவு ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மேல் நீட்டிப்பதாக இல்லை.